உயிரும் முறையும்: குருதிச் சுத்திகரிப்பு எழுப்பும் அறவினா

தமிழில் ‘முறை’ என்னுஞ் சொல் இரு பொருள் தருவது. வரிசையில் ஒருவருக்கு வந்துசேரும் இடத்தையும் முறை என்கிறோம். நீதியையும் முறை என்கிறோம். அரசன் முறை செய்தான் என்று பழைய நூல்கள் கூறும்போது அவை கருதியது நீதியை. வைத்தியசாலையிலே ‘என் முறை எப்பொழுது வரும்?’ என்று நோயாளி வினவும்போது அவர் கருதுவது வரிசையை. ஆயினும் ஓரிடத்தில் இவ்விரு பொருள்களும் பிரிக்கவொண்ணாதவாறு ஒன்றாகிவிடுகின்றன. சிறுநீரகங்கள் செயலிழந்தவர்களின் குருதியைச் சுத்திகரிக்கும் இயந்திரங்கள், தேவைப்படுவோர் அனைவருக்கும் போதாதிருக்கும் வைத்தியசாலையே அவ்விடம். அங்கு வரிசையை வகுப்பவர் உயிரையே பங்கிடுகின்றார்.

அவ்வாறு பங்கிடும்போது ஒருவரது வாழ்வின் பெறுமதியை அளந்து இயந்திரத்தை வழங்குதல் தகுமா? தகாதெனின் வேறு எவ்வடிப்படையில் வழங்குவது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வினா வைத்தியருக்கு மட்டும் உரியதன்று. நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் வீட்டுக்கு வீடு பேசப்படும் நோய்களாகிவிட்ட கல்முனைக் கரையோரத்தில், அது நம் ஒவ்வொருவர் வாயிலிலும் நிற்கக்கூடிய வினாவாகும்.

இயந்திரமும் அதன் பணியும்

அறவினாவை ஆராயுமுன் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். உடல்நலமுள்ள ஒருவரின் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை வடித்து, அதன் மிகப் பெரும்பகுதியை மீண்டும் குருதிக்கே அளித்துவிட்டு, ஒன்றரை லீற்றர் அளவான கழிவை மட்டும் வெளியேற்றுகின்றன. இப்பணி நின்றுபோனால் யூரியா, பொற்றாசியம் முதலியன குருதியில் தேங்கும். நீர் உடலில் தங்கிக் கால்களை வீங்கச்செய்து, ஈற்றில் நுரையீரலையும் நிரப்பும். கரையில் இருந்துகொண்டே மூழ்குகின்ற நிலை என்று இதனைக் கூறினால் மிகையாகாது.

மெல்லிய சவ்வொன்றினூடே சிறு மூலக்கூறுகள் கடந்துசெல்ல, பெரியவை தங்கிவிடும் இயல்பினை ஸ்கொத்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் தோமஸ் கிரஹாம் 1861 ஆம் ஆண்டில் விளக்கி, அதற்கு டயலிசிஸ் என்று பெயரிட்டார். இன்றைய சிகிச்சை முறைகள் இரண்டும் இந்நியதியையே அடிப்படையாகக் கொண்டவை. முதலாவது, குருதியை உடலுக்கு வெளியே எடுத்து, செயற்கைச் சவ்வினாலான வடியொன்றினூடே செலுத்தி மீண்டும் உடலுக்கு அனுப்புவது. இதனை வழக்கமாக வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணிநேரம் செய்யவேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் தூய்மையாக்கப்பட்ட நீர் 120 லீற்றர் அளவில் தேவைப்படும். கையிலுள்ள நாடியையும் நாளத்தையும் சத்திரசிகிச்சையால் இணைத்து, ஊசி ஏற்றத்தக்க வழியொன்றினை முன்கூட்டியே அமைத்துக்கொள்வர்.

இரண்டாவது முறை இயந்திரமின்றியே செய்யத்தக்கது. குடல்களைச் சூழ்ந்துள்ள இயற்கைச் சவ்வே இங்கு வடியாகின்றது. சிறு குழாயொன்றின் வழியாக இரண்டு லீற்றர் அளவு திரவத்தை வயிற்றினுள் விட்டு, சில மணிநேரத்தின் பின் வெளியேற்றுவர். நாளொன்றுக்கு நான்கு தடவை நோயாளியே வீட்டிலிருந்து இதனைச் செய்யலாம். 1970களின் பிற்பகுதியில் உருப்பெற்ற இம்முறை, வைத்தியசாலைக்குத் தொலைவில் வாழ்வோருக்குப் பெரிதும் உகந்தது.

சிகிச்சையின் பயனும் இருவகைப்படும். எலிக்காய்ச்சலாலோ கண்ணாடி விரியன் தீண்டியதாலோ சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த விவசாயிக்கு, இயந்திரம் ஒரு பாலம். சில வாரங்கள் அது துணைசெய்தால், அவருடைய சிறுநீரகங்கள் பெரும்பாலும் மீண்டும் இயங்கத் தொடங்கும். அவர் வயலுக்குத் திரும்பிவிடுவார். நீரிழிவாலோ குருதியமுக்கத்தாலோ பல்லாண்டுகளாகச் சிறுநீரகம் சிதைந்தவருக்கோ அது பாலமன்று, வாழ்விடம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்படும்வரை, அல்லது ஆயுள் முடியும்வரை, அவர் அதனைச் சார்ந்தே வாழவேண்டும்.

அவ்வாழ்வு எளிதன்று. சிகிச்சையின்போது குருதியமுக்கம் திடீரெனத் தாழும், தசைகள் பிடித்துக்கொள்ளும், தலைவலியும் குமட்டலும் தோன்றும். ஊசியேற்றும் வழியில் கிருமி தொற்றலாம், அல்லது குருதி உறைந்து வழி அடைபடலாம். ஆண்டுகள் செல்லச் செல்லக் குருதிச்சோகையும் எலும்பு நோயும் இதய நோயும் தொடரும். வயிற்றுவழிச் சிகிச்சையிலே சவ்வழற்சி பேரபாயம். உடலின் புரதமும் சிறிது சிறிதாக இழக்கப்படும். இவற்றுக்கு மேலாகத் தாகம். நோன்பு நோற்பதிலிருந்து மார்க்கம் நோயாளிக்குச் சலுகை அளித்துள்ளது. ஆனால் குடிக்கும் நீரை அளந்தே குடிக்கவேண்டிய இவருக்கு, தாகத்தின் நோன்பு றமழானோடு முடிவதில்லை. ஆண்டு முழுவதும் நீள்கின்றது.

இயந்திரம் உயிரை முழுமையாக மீட்டுத்தரும் மந்திரக்கோல் அன்று. பயனும் துன்பமும் கலந்த ஒரு கொடை. ஆகவே அதனை ஒருவருக்கு வழங்குவதா என்று தீர்மானிக்கும்போது, அதனால் அவர் பெறும் நன்மை, அதனால் அவர் சுமக்கும் துன்பத்தை விஞ்சுமா என்று வினவுதல் அறத்துக்கு முரணானதன்று. அவ்வினா நோயாளியைப் பற்றிய தீர்ப்பாகாது. சிகிச்சையைப் பற்றிய தீர்ப்பேயாகும். துன்பத்தை எடைபோட்டு, ‘இனிப் போதும்’ என்று நோயாளி தானே கூறும் உரிமையும் இதனுள் அடங்கும். இவ்வேறுபாட்டை மனங்கொண்டு மேற்செல்வோம்.

பெறுமதியை அளந்தோர்

நெதர்லாந்தின் கம்பென் நகரிலே, ஜேர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவே, வில்லெம் கொல்ஃப் என்னும் இளம் வைத்தியர் 1943 ஆம் ஆண்டில் மனிதருக்குப் பயன்படும் முதலாவது செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். மரச்சட்ட உருளையொன்றில் செலபேன் குழாயைச் சுற்றி, அதனை உப்புநீர்த் தொட்டியில் சுழலச்செய்த எளிய கருவி அது. அதனால் சிகிச்சை பெற்ற தொடக்கநிலை நோயாளிகளுள் மிகப் பெரும்பாலானோர் இறந்துபோயினர். 1945 ஆம் ஆண்டு செப்டெம்பரில், போர் ஓய்ந்த பின்னர், 67 வயதுப் பெண்ணொருவர் நினைவிழந்த நிலையில் அவரிடம் கொண்டுவரப்பட்டார். அப்பெண் நாஜிகளுடன் ஒத்துழைத்த குற்றத்துக்காகச் சிறையிலிருந்தவர். ஊராரின் வெறுப்புக்கு ஆளானவர். கொல்ஃப் அவருக்குச் சிகிச்சை அளித்தார். அவர் கண் விழித்தார்; மேலுஞ் சில ஆண்டுகள் வாழ்ந்தார். செயற்கைச் சிறுநீரகம் காத்த முதல் உயிர் என்று வரலாறு குறிப்பது அவ்வுயிரையே.

இந்நிகழ்ச்சியின் பொருள் ஆழமானது. வாழ்வின் பெறுமதியை அளந்து இயந்திரத்தை வழங்குவதென ஊரார் தீர்மானித்திருந்தால், அம்மூதாட்டிக்கு அது கிடைத்திருக்குமா? வைத்தியர் தம்முன் கண்டது துரோகியையன்று, நோயாளியையே. 1990 ஆம் ஆண்டின் கொலைகளைத் தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் துயரமாக நினைவிற் சுமக்கும் நம் கிழக்குக் கரையோரத்துக்கு, இப்பாடம் அந்நியமானதன்று. அடுத்த கட்டிலில் இருப்பவரின் பெயரைக் கேட்டுக் குருதியைச் சுத்திகரிக்கத் தொடங்கினால், வைத்தியசாலை வைத்தியசாலையாக இராது.

எனினும் பதினேழு ஆண்டுகளின் பின் வரலாறு வேறுவழிச் சென்றது. 1960 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் சியாற்றில் நகரிலே பெல்டிங் ஸ்கிரிப்னர் என்னும் வைத்தியர், நாடியையும் நாளத்தையும் நிரந்தரமாக இணைத்துவைக்கும் குழாயை உருவாக்கினார். அதுவரை சில தடவைகள் மட்டுமே செய்யத்தக்கதாயிருந்த சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் தொடர்வது அதனாற் சாத்தியமாயிற்று. சாத்தியமானவுடனேயே பற்றாக்குறையும் பிறந்தது. 1962 இல் திறக்கப்பட்ட சிகிச்சை நிலையத்தில் இடங்கள் மிகச் சில. வேண்டி நின்றோர் பலர். எனவே வைத்தியர் முதலில் மருத்துவக் காரணங்களால் தகுதியுடையோரை வடித்தெடுக்க, அவர்களிலிருந்து வாழவேண்டியவரைத் தெரிவுசெய்யும் பொறுப்பு பெயர் வெளியிடப்படாத எழுவர் குழுவொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. சட்டத்தரணி, மதகுரு, வங்கியாளர், இல்லத்தரசி, அரச அலுவலர், தொழிற்சங்கத் தலைவர், சத்திரசிகிச்சை வைத்தியர் ஆகியோர் அக்குழுவினர். வயது, மணநிலை, தங்கிவாழ்வோர் தொகை, வருமானம், கல்வி, தொழில், சமூகத்துக்கு ஆற்றிய பணி, இனி ஆற்றக்கூடிய பணி என்பன அவர்களின் உரைகற்களாயின. அவ்வாண்டு நவெம்பரில் ‘லைஃப்’ சஞ்சிகை இதனை வெளியிட்டபோது அமெரிக்கா அதிர்ந்தது. மருத்துவ அறவியல் தனித்துறையாக வளர்வதற்கு வித்திட்ட நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்றென்பர்.

அவ்வெழுவரும் கொடியவரல்லர். நன்மனத்தோடு, மனம் நொந்தே அவர்கள் தெரிவுசெய்தனர். பிழை அவர்களின் மனத்திலன்று, அவர்கள் கையிற் கொடுக்கப்பட்ட அளவுகோலிலேயே இருந்தது. அக்கோலை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். மருதமுனையில் கைத்தறி நெய்யும் மணமாகாத பெண், சாய்ந்தமருதில் கரைவலை இழுக்கும் கூலியாள், நிந்தவூரில் பிறர் வயலில் கதிர் அறுக்கும் விதவை, இவர்கள் ஆசிரியரோடும் வணிகரோடும் அக்கோலின்முன் நிறுத்தப்பட்டால் யார் எஞ்சுவர்? ஏற்கெனவே உலகம் யாருக்கு மிகுதியாகக் கொடுத்ததோ அவருக்கே உயிரையும் கொடுக்கும் கோல் அது. நீதிபோலத் தோன்றுமெனினும், பழைய அநீதியைப் புதிய கணக்கில் எழுதுவதன்றி அது வேறன்று.

பத்தாண்டுகள் கழித்து, 1972 இல், சிறுநீரகம் செயலிழந்தோரில் மிகப் பெரும்பாலானோரின் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. எழுவர் குழு போன்றவற்றுக்குத் தேவை அருகிற்று. பற்றாக்குறை இயற்கையின் விதியன்று, மனிதர் தீர்மானத்தால் கூடவும் குறையவும் வல்லது என்பதை இது மெய்ப்பித்தது.

டேர்பனில் ஒரு வழக்கு

செல்வம் மிகுந்த நாட்டுக்கு இது பொருந்தலாம்; வறிய நாடு என்செய்யும்? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் எழுந்த வழக்கொன்றை நோக்குதல் வேண்டும். தமிழ்வழிப் பெயர் தாங்கிய தியாகராஜ் சுப்ரமணி 41 வயதினர், தொழிலற்றவர். நீரிழிவும் இதயநோயும் உடையவர், பக்கவாதத்தால் தாக்கப்பட்டவர், சிறுநீரகங்களும் மீளாவண்ணம் செயலிழந்தவர். தனியார் வைத்தியசாலையிற் பெற்ற சிகிச்சையைப் பணம் தீர்ந்ததும் தொடர இயலாது, அரசினர் வைத்தியசாலையான அடிங்டனை நாடினார். அங்கிருந்தவை 20 இயந்திரங்கள். 60 பேருக்கே உரிய வசதியைக் கொண்டு 85 பேருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டுவந்தது. திடீர்ச் செயலிழப்பாயின் உடனே இடமளிப்பது, நாட்பட்ட செயலிழப்பாயின் சிறுநீரக மாற்றுக்குத் தகுதியுடையோரையே ஏற்பது என்பது வைத்தியசாலையின் விதி. இதயநோய் காரணமாக அவர் அத்தகுதியை இழந்தார்.

எவருக்கும் அவசர மருத்துவ சிகிச்சை மறுக்கப்படலாகாது என்னும் அரசியலமைப்பு வாசகத்தை முன்வைத்து அவர் வழக்குத் தொடுத்தார். 1997 நவெம்பர் 27 ஆம் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நாட்பட்ட நோய்க்கான தொடர்சிகிச்சை அவ்வாசகம் கருதும் அவசரமன்று. வளங்கள் வரையறைப்பட்டிருக்கையில், நியாயமாக வகுக்கப்பட்டு நேர்மையாகப் பின்பற்றப்படும் விதியில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது என்பது முடிபு. தீர்ப்பு வெளிவந்த சில நாட்களுள் அவர் இறந்தார்.

சியாற்றில் குழுவையும் அடிங்டன் விதியையும் ஒப்பிடுதல் தகும். பின்னையது சுப்ரமணி தொழிலற்றவர் என்று நோக்கவில்லை. அவரால் நாட்டுக்கு என்ன பயன் என்று வினவவில்லை. சிகிச்சையின் பயனையே நோக்கிற்று. யாவர்க்கும் ஒரே கோலை நீட்டிற்று. அவ்வகையில் அது அறத்துக்கு அணுக்கமானது. எனினும் அதனை முழுமையான நீதியென்று கொள்வதற்கில்லை. பணம் தீரும்வரை அவருக்கு வெளியே சிகிச்சை கிடைத்தது என்பதை மறத்தலாகாது. அவருடைய நோயையே உடைய செல்வந்தர் அவ்விதியின்முன் வந்து நிற்கவேண்டிய தேவையே எழுந்திராது. விதி நேர்மையானது, ஆனால் அவ்விதிக்கு உட்பட்டோர் ஏழைகள் மட்டுமே.

நம் கரையோரம்

‘அவசரம்’ என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்குவோம். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி காலை கடல் எழுந்தபோது, இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நீரில் தத்தளித்தவரை நோக்கிக் கைநீட்டியவர் எவரும், ‘நீ யார், உனக்கு எத்தனை பிள்ளைகள்?’ என்று கேட்டதில்லை. எட்டிய கையைப் பற்றினர். அந்நாளில் நம்மிடம் வெளிப்பட்ட அறம் அதுவே. சிறுநீரகம் செயலிழந்தவரும் நீரில் மூழ்குபவரே. வேறுபாடு யாதெனின், அலை நிமிடத்தில் மூழ்கடித்தது. இது மாதக்கணக்கில் மூழ்கடிக்கின்றது. மெதுவாக மூழ்குபவர் மீது நமக்குள்ள கடன் குறைந்துவிடுமா? குறையாது; கைநீட்டுவதற்கு நமக்குக் கிடைக்கும் காலமே கூடுகின்றது.

ஆயினும் இருவருக்கு ஒரே இயந்திரம் என்னும் நிலை நேருமாயின் முதலில் யாருக்கு? எலிக்காய்ச்சலால் வீழ்ந்த சம்மாந்துறை விவசாயியும், நாட்பட்ட நோயாளியும் ஒரே இரவில் வந்தால், சில மணிநேரமும் தாமதிக்க இயலாதவருக்கு முதலிடம் தருவதும், ஒத்த நிலையினராயின் சில வாரங்களில் முற்றாகக் குணமடைந்து இயந்திரத்தைப் பிறருக்கு விட்டுச்செல்லக்கூடியவருக்கு முதலிடம் தருவதும் ஏற்கத்தக்கனவே. இங்கு அளக்கப்படுவது நோயின் இயல்பு, மனிதரின் தரமன்று. பின்னர் எஞ்சியோருக்கு வரிசை.

இதற்கு எதிராகக் கூறப்படும் வாதங்களுள் இரண்டு கருதத்தக்கவை. தம் நோயைத் தாமே தேடிக்கொண்டவரைப் பின்தள்ளலாகாதா என்பது ஒன்று. இனிப்பை விடாதவர், கிளினிக்குக்கு ஒழுங்காகச் செல்லாதவர் என்று சுட்டுவர். நீரிழிவு பரம்பரையாலும் வரும். வறுமையாலும் அறியாமையாலும் முற்றும். கிளினிக்குக்குச் சென்றால் அன்றைய கூலி போய்விடும் என்று தங்கியவரின் குற்றத்தையும், கவலையின்றிக் கழித்தவரின் குற்றத்தையும் கட்டிலருகே நின்று பிரித்தறிய வல்லவர் யார்? குற்ற விசாரணை சியாற்றில் கோலின் மறுபக்கமேயாகும்.

மற்றைய வாதம் இதனினும் வலியது. ஐந்து பிள்ளைகளின் தாயும் தனித்த முதியவரும் காத்திருக்கையில், முதியவரின் முறை முன்வந்தால் அவருக்கே கொடுப்பது கொடுமையன்றோ? கொடுமையே. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. முறையைப் பேணுவோர் இவ்விழப்பையும் ஏற்றேயாகவேண்டும். ஆனால் பிள்ளைகளை எண்ணத் தொடங்கினால் பிள்ளையற்றவரின் உயிர் மலிவாகும். அடுத்து வருமானம் எண்ணப்படும். அதனையடுத்து ஊரும் இனமும் எண்ணப்படும். எண்ணிக்கை எங்கே நிற்குமென்று கூறவல்லார் இலர். ஆகவே தாயைக் காக்கும் வழி முதியவரைத் தள்ளுவதன்று; இருவர் ஓர் இயந்திரத்தின்முன் எதிரிகளாக நிற்கும் நிலையை ஒழிப்பதே.

வரிசையும் தானாக நீதியாகிவிடாது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. முந்தி வந்தவருக்கு முதலிடம் என்பது சமத்துவமாகத் தோன்றும். ஆனால் கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையிலுள்ள தூரம் 60 கிலோமீற்றருக்கு மேலாகும். நகரில் வாழ்பவர் நடந்து வந்துவிடுவார். பொத்துவிலார் வாரத்துக்கு மூன்று தடவை போக்குவரத்துக் கூலியையும், துணைக்கு வருபவரின் நாட்கூலியையும் இழப்பார். அரசினர் வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்னும் நம் நாட்டின் பெருமை, அதன் வாயிலை அடைய இயலாதவருக்குப் பாதியே பயன்தரும். வீட்டிலேயே செய்யத்தக்க வயிற்றுவழிச் சிகிச்சையைப் பரப்புவதும், நோயாளருக்குப் போக்குவரத்து ஏற்பாடு செய்வதும் வெறும் நிருவாகச் சங்கதிகளல்ல. அவை முறை செய்தலின் பகுதிகளாகும்.

பர்ளு கிபாயா

1111 இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, சட்டத்தின் நோக்கங்களென மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகிய ஐந்தின் பாதுகாப்பையும் குறிப்பிட்டார். அவரே தமது ‘இஹ்யா’வில், மருத்துவத்தைப் பர்ளு கிபாயாக்களுள் ஒன்றாக வகுத்தார். சமூகத்தில் போதியவர்கள் நிறைவேற்றினால் ஏனையோர் பொறுப்பினின்றும் நீங்குவர், எவரும் நிறைவேற்றாவிடின் அனைவரும் குற்றவாளிகள் என்பதே அக்கடமையின் இலக்கணம். மருத்துவர் இல்லாத ஊர்கள் இருக்கையில் எல்லோரும் சட்டக்கலையையே நாடிச் செல்வதையும் அவர் கடிந்துள்ளார்.

இக்கருத்தை நம் வினாவோடு பொருத்தினால் புதிய ஒளி பிறக்கின்றது. யாருக்கு இயந்திரம் என்னும் தெரிவை நள்ளிரவில் தனித்துச் செய்யும் வைத்தியரை நாம் நீதிபதியாக்கி, அவர் நெஞ்சின்மீது நம் அனைவரின் கடனையும் ஏற்றிவிடுகின்றோம். இயந்திரம் ஒன்றேயாக இருந்ததற்கு அவர் காரணரல்லர். அந்நிலையை உருவாக்கியோர் வரவுசெலவுத் திட்டம் வகுத்தோரும், கேளாதிருந்தோரும், கொடுக்கவல்லராயிருந்தும் கொடாதிருந்தோருமாவர்.

ஏழை நோயாளிக்காக ஜும்ஆத் தொழுகையின் பின் பள்ளிவாசலில் பணஞ் சேர்த்தல் நல்வழக்கமே. ஆயினும் தன் நோயைப் பலர்முன் கூறி இரந்தவருக்குக் கிடைப்பதும், கூசி ஒதுங்கியவருக்குக் கிடையாமற்போவதும் முறையாகா. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284 இல் எழுப்பிய மன்சூரி மருத்துவமனை வக்பு வருவாயால் நடைபெற்றது. செல்வரும் வறியவரும் வேறுபாடின்றி அங்கு ஏற்கப்பட்டனர். ஒருவரின் இரக்கத்தைப் பலரின் நிறுவனமாக மாற்றிய மரபு அது. ஸகாத்தையும் வக்பையும் உடைய சமூகம், நோயாளரின் போக்குவரத்துக்கும் மருந்துக்கும் நிலையான நிதியமொன்றை அமைத்தல் அரிதன்று.

இன்னுமொரு கடன் உண்டு. சிறுநீரக மாற்று நிகழுந்தோறும் ஓர் இயந்திரம் விடுபடுகின்றது. இறந்தவரின் உறுப்பைக் கொடையாகப் பெறுவதற்கு இலங்கையின் 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் வழிவகுக்கின்றது. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமியும் 1988 இல் உறுப்பு மாற்றீட்டை நிபந்தனைகளுடன் அனுமதித்தது. ஆயினும் உறுப்புக் கொடை நம்மிடையே இன்னும் தயக்கத்தோடு பேசப்படும் பொருளே. இவ்விடத்திற்றான் பல்கலைக்கழகத்தாரின் பணி தொடங்குகின்றது. குருதியமுக்கத்தையும் சீனியின் அளவையும் காலத்தே சோதித்துக்கொள்ளுமாறு ஊராரைத் தூண்டுவது முதல், உறுப்புக் கொடை பற்றி உலமாக்களோடும் வைத்தியரோடும் கூடிப் பேசுவது வரை, அப்பணி விரிந்து கிடக்கின்றது.

வரிசையில் நிற்பவரின் பெறுமதியை அளக்கும் உரிமை எவருக்கும் இல்லை. சிகிச்சையின் பயனை அளக்கலாம், நோயின் அவசரத்தை அளக்கலாம், அதற்குமேல் யாவரும் சமம் என்பதே இவ்வாராய்ச்சியின் முடிபு. அச்சமத்துவம் சிலவேளை கண்ணீரோடு பேணப்பட வேண்டியதாகும். அக்கண்ணீரைக் குறைப்பதற்கு உரிய காலம், நோயாளி கட்டிலுக்கு வருமுன் உள்ள காலமே. அக்காலம் வைத்தியரின் கையிலன்று, நம் கையில் இருக்கின்றது.